உதவியாளர் நேரத்துக்கு வந்தாரா?

கடந்த மூன்று மாதங்களில் உதவியாளர் நேரத்துக்கு வேலைக்கு வந்தாரா? வர முடியாத நாளில் அதை யாராவது உங்களுக்குத் தெரிவித்தார்களா? குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் உங்களுக்கு வேண்டிய மறைவு கிடைத்ததா? உங்களைப் பார்த்து யாராவது கத்தினார்களா? அமெரிக்காவில் அரசுச் செலவில் வீட்டிலிருந்தபடியே உதவி பெறும் மாற்றுத்திறனாளிகளுக்காகவும் முதியவர்களுக்காகவும் தயாரான ஒரு கேள்வித்தாள் இப்படிப் போகிறது.

படுக்கையிலிருந்து தானாக எழ முடியாத ஒருவருக்கு அந்த முதல் கேள்வி எவ்வளவு பெரியது என்று யோசித்துப் பார்க்கலாம். எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்தரைக்கு வந்தால் அதுவரை ஈரத் துணியிலேயே கிடக்க வேண்டும். காலை மாத்திரை தள்ளிப்போகும். டயாலிசிஸுக்கு அழைத்துப்போகும் வண்டி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிடும். இது அடிக்கடி நடந்தால் ஒரே பக்கமாகக் கிடக்கும் உடம்பில் படுக்கைப் புண் வரும். அவர் மருத்துவமனைக்குப் போவாரா, வீட்டிலேயே இருப்பாரா என்பதைப் பல நேரம் தீர்மானிப்பது மருத்துவரைவிட அந்த உதவியாளரின் வருகைதான்.

ஆனால் இந்தக் கேள்வித்தாள் முறையான அங்கீகாரம் பெற்றது 2016-ல்தான். மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களைப் பற்றி மக்களின் அனுபவத்தைக் கேட்டறியும் ‘கேப்ஸ்’ எனப்படும் கணக்கெடுப்பு 1990களிலிருந்தே அங்கே நடக்கிறது. உங்கள் மருத்துவப் பராமரிப்புக்கு 0 முதல் 10 வரை எத்தனை மதிப்பெண் தருவீர்கள் என்று அது கேட்கும். உதவியாளரைப் பற்றி அந்தப் பொதுக் கேள்வித்தாளில் இடமில்லை. அமெரிக்காவில் கோடிக்கணக்கான டாலர் இந்தத் திருப்தி மதிப்பெண்களை ஒட்டித்தான் நகர்கிறது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரின் கீழ் தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் திட்டங்கள் 5 நட்சத்திரத்துக்கு 4 வாங்கினால் அரசு போனஸ் தருகிறது. அந்த நட்சத்திரக் கணக்கில் கேப்ஸ் மதிப்பெண்ணும் சேரும். ஆகவே நலிந்தவர்களிடம் எதைக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம் என்பதற்கு உண்மையான விளைவுகள் உண்டு.

இந்த நலிந்தவர்களின் பராமரிப்பில் சிக்கல் தொடங்கும் இடம் 1965. அந்த ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில் இரண்டு திட்டங்கள் ஒன்றாகப் பிறந்தன. மெடிகேர், 65 வயதைக் கடந்தவர்களுக்கு மத்திய அரசு நடத்தும் காப்பீடு. 1972-ல் வந்த திருத்தம் நீண்டகாலமாக மாற்றுத்திறனாளிகளாக இருக்கும் இளையவர்களையும் அதற்குள் கொண்டுவந்தது. மெடிகெய்ட், ஏழைகளுக்கு மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து செலவழிக்கும் திட்டம். மருத்துவர், மருத்துவமனை, மருந்து என்றால் மெடிகேர். முதியோர் பராமரிப்பு இல்லம், வீட்டுக்கு வரும் உதவியாளர் என்றால் மெடிகெய்ட். முதியவராகவோ மாற்றுத்திறனாளியாகவோ இருந்து, ஏழையாகவும் இருப்பவர்கள் இரண்டிலும் வருவார்கள். இன்று அவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். மெடிகேர் பயனாளிகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்கள்தான். ஆனால் அதன் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவர்களுக்காகிறது.

ஒரே உடம்புக்கு இரண்டு கஜானா. இந்த ஏற்பாட்டின் குரூரத்தை ஒரு விதி தெளிவாகக் காட்டும். மெடிகெய்ட் செலவில் பராமரிப்பு இல்லத்தில் இருக்கும் மூதாட்டிக்குக் காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லத்திலேயே வைத்துக் கவனித்தால் அதற்கான கூடுதல் வேலை இல்லத்தின் தலையில். மருத்துவமனைக்கு அனுப்பினால் அந்தச் செலவு மெடிகேருடையது. அங்கே தொடர்ந்து 3 நாள் உள்நோயாளியாக இருந்துவிட்டுத் திரும்பினால், அடுத்த சில வாரங்களுக்கு இல்லத்துக்குப் பணம் தருவதும் மெடிகேர்தான். அதுவும் மெடிகெய்ட் தருவதைவிட அதிகமாக. மூதாட்டியை ஆம்புலன்ஸில் ஏற்றுவதால் இல்லத்துக்கும் மாநில அரசுக்கும் நஷ்டமில்லை, லாபமே. அலைக்கழிப்பு முழுவதும் அவருக்கு. இதில் யாரும் கெட்டவராக இருக்கத் தேவையில்லை. பணம் வரும் வழி அப்படி அமைந்திருக்கிறது.

இதற்கு மருந்தாக முன்வைக்கப்பட்டதுதான் ஒருங்கிணைந்த ‘மேனேஜ்டு கேர்’. இரண்டு கஜானாவிலிருந்தும் வரும் பணத்தை ஒன்றாக்கி, தலைக்கு இவ்வளவு என்று மாதாமாதம் ஒரு தொகையை ஒரே நிறுவனத்திடம் கொடுத்துவிடுவது. மருத்துவமனைச் செலவும் உதவியாளர் சம்பளமும் ஒரே பையிலிருந்து போகும். அப்போது உதவியாளரின் மணிநேரத்தைக் கூட்டி மருத்துவமனை வாசத்தைத் தவிர்ப்பது அந்த நிறுவனத்துக்கே லாபம். ஒவ்வொருவருக்கும் ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். எந்த மருத்துவர் என்ன மாத்திரை கொடுத்தார், சக்கர நாற்காலி எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் அவர் கவனிப்பார். நம்பிக்கை தரும் ஏற்பாடு. அச்சம் தரும் ஏற்பாடும் இதுவேதான். கொடுக்காமல் மிச்சம் பிடித்தாலும் அதே நிறுவனத்துக்குத்தான் லாபம். உதவியாளர் நேரத்தைக் கூட்டுவதற்குப் பதில் குறைத்துவிட்டால்? அதனால்தான் பயனாளியின் குரலைக் கேட்பது இந்த ஏற்பாட்டில் மரியாதைக்காகச் செய்யும் சடங்காக இருக்க முடியாது. குறைத்தார்களா என்பதை முதலில் அறிபவர் அவர்தான்.

இந்த யோசனையின் மூல வடிவம் சான் பிரான்சிஸ்கோவின் சைனாடவுனில் பிறந்தது. அந்தப் பகுதியின் சீன, இத்தாலிய, பிலிப்பைன்ஸ் முதியவர்களுக்காகப் பல் மருத்துவர் வில்லியம் ஜீயும் சமூகப் பணியாளர் மேரி-லூயிஸ் அன்சாக்கும் 1971-ல் ‘ஆன் லோக்’ அமைப்பைத் தொடங்கினார்கள். பராமரிப்பு இல்லம் கட்டுவதைவிட, பிரிட்டனில் இருந்த பகல்நேர மருத்துவமனைகளைப்போல ஒன்றை நடத்தலாம் என்று முடிவு செய்தார்கள். காலையில் வண்டி வந்து அழைத்துப்போகும். மருத்துவர், உடற்பயிற்சி, மதியச் சாப்பாடு, தெரிந்த முகங்கள் எல்லாம் ஒரே கூரையின் கீழ். மாலையில் சொந்த வீடு. 1997-ல் இந்த மாதிரி ‘பேஸ்’ என்ற பெயரில் மெடிகேரின் நிரந்தரத் திட்டமானது. 55 வயதைக் கடந்து, பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் அளவுக்கு நலிந்தவர்கள் இதில் சேரலாம்.

பேஸ் திட்டத்தில் மனதைத் தொடும் ஓர் ஏற்பாடு உண்டு. ஒருவரின் பராமரிப்பைத் திட்டமிடும் குழுவில் மருத்துவர், செவிலியர், உணவியல் நிபுணர் எனப் 11 பொறுப்புகளை விதிமுறை குறிப்பிடுகிறது. அவற்றில் ஒன்று ஓட்டுநர். பெரியவர் வாசற்படியில் இறங்கத் தடுமாறுகிறாரா, வீட்டுக்குள் துர்நாற்றம் வருகிறதா, நேற்றைய சட்டையிலேயே இருக்கிறாரா என்பதை முதலில் பார்ப்பவர் அவர். அவர் கண்ணில் பட்டது மருத்துவரின் மேசைக்குப் போய்ச் சேர வழி செய்த விதி இது. இவ்வளவு இருந்தும் பேஸில் இருப்பவர்கள் நாடு முழுவதும் 80,000 அளவில்தான். பழகிய மருத்துவரை விட்டுவிட்டு மையத்தின் மருத்துவரிடம் வரவேண்டும் என்ற நிபந்தனை பலரை நெடுங்காலம் தயங்க வைத்தது.

2010-ன் மருத்துவச் சீர்திருத்தச் சட்டத்துக்குப் பிறகு அரசு பெரிய அளவில் முயன்றது. மாநிலம் மாநிலமாக இரண்டு திட்டங்களையும் இணைக்கும் சோதனைத் திட்டங்கள் 2013 முதல் தொடங்கின. கலிஃபோர்னியாவில் லாஸ் ஏஞ்சலஸ் உள்ளிட்ட 7 கவுண்டிகளில் ‘கால் மெடிகனெக்ட்’ 2014 ஏப்ரலில் வந்தது. அங்கே பலரைச் சம்மதம் கேட்காமலே சேர்த்தார்கள்: தபாலில் கடிதம் வரும், வேண்டாம் என்று சொல்லாவிட்டால் குறிப்பிட்ட தேதியில் நீங்கள் உறுப்பினர். நோயோடும் வறுமையோடும் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு, பல பக்கங்களில், புரியாத மொழியில் அந்தக் கடிதங்கள் போயின. தகுதியுள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வேண்டாம் என்று விலகிக்கொண்டார்கள். இத்தனை ஆண்டுகள் பார்த்த மருத்துவரை இழந்துவிடுவோமோ என்பதே அவர்களின் முக்கியமான அச்சம்.

உள்ளே இருந்தவர்களைக் கேட்டபோது பெரும்பாலோர் திருப்தியாகவே இருந்தார்கள். கூப்பிட ஒரே தொலைபேசி எண், தங்களைத் தெரிந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் ஆகியவற்றைப் பலரும் மதித்தார்கள். தங்களுக்கு ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருப்பதே தெரியாதவர்களும் இருந்தார்கள்.

இந்தத் திருப்தியை எப்படிப் படிப்பது? பிடிக்காதவர்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். மிச்சமிருப்பவர்களின் மதிப்பெண்தான் கையில் இருக்கிறது. இது கலிஃபோர்னியாவோடு நிற்பதில்லை. மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் 2017-ல் தனியார் மெடிகேர் திட்டங்களை ஆராய்ந்தபோது, சிலவற்றில் உடல்நிலை மோசமானவர்களே மற்றவர்களைவிட அதிகமாக விலகியிருந்தார்கள். தங்களுக்கு வேண்டிய மருத்துவரும் மருத்துவமனையும் கிடைக்காததை அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். ஒரு திட்டத்தின் தரத்தை அறிய, இருப்பவர்களின் மதிப்பெண்ணைவிட, போனவர்கள் யார் என்ற பட்டியல் சில நேரம் அதிகம் சொல்லும். தபால் கணக்கெடுப்புக்குப் பாதிக்கும் மேற்பட்டோர் பதில் அனுப்புவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பேச முடியாதவர், மறதி நோய் முற்றியவர் ஆகியோருக்காக மகனோ மகளோ பதில் எழுதுவார். அது அக்கறையுள்ள பதில்தான், ஆனால் அறைக்கதவு மூடியபின் நடந்தது மகளுக்குத் தெரியாது.

பதில் சொன்னவர்களின் மதிப்பெண்ணும் நேராகப் பொருள் தருவதில்லை. 2006-ல் ஜான் சாங் தலைமையிலான ஆய்வாளர்கள், இரண்டு மேனேஜ்டு கேர் நிறுவனங்களில் இருந்த நலிவுற்ற முதியவர்கள் 236 பேரை எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் மருத்துவப் பதிவுகளையும் பிற தகவல்களையும் வைத்து, செய்ய வேண்டிய பரிசோதனைகளிலும் சிகிச்சைகளிலும் எத்தனை உண்மையில் நடந்தன என்று கணக்கிட்டார்கள். பாதிக்குச் சற்று மேல்தான் நடந்திருந்தன. அதே முதியவர்கள் தங்கள் பராமரிப்புக்குக் கொடுத்த சராசரி மதிப்பெண் 10-க்குக் கிட்டத்தட்ட 9! சிகிச்சையின் தரத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பே தெரியவில்லை. மருத்துவர் எப்படிப் பேசினார், காதுகொடுத்துக் கேட்டாரா என்பதோடுதான் மதிப்பெண் ஒட்டியிருந்தது.

அந்த முதியவர்களுக்கு விவரம் போதாது என்று இதைப் படிப்பது தவறு. ரத்த அழுத்த மாத்திரையின் அளவு சரியா என்று மதிப்பிடுவது அவர்கள் வேலை அல்ல. தங்களால் பார்க்க முடிந்ததை, அதாவது தாங்கள் மனிதராக நடத்தப்பட்டோமா என்பதை, அவர்கள் சரியாகவே அளந்திருக்கிறார்கள். அந்த எண்ணைச் சிகிச்சைத் தரத்தின் அளவாக எடுத்துக்கொண்ட நிர்வாகத்தின் தவறுதான் அது.

மோசமாக நடத்தப்பட்டவர்களும் ஏன் நல்ல மதிப்பெண் தருகிறார்கள்? பிரிட்டனின் பிரையன் வில்லியம்ஸ் தம் சகாக்களுடன் மனநலச் சேவை பெற்றவர்களிடம் இதைத் துருவி விசாரித்து 1998-ல் எழுதினார். படிவத்தில் திருப்தி என்று குறித்தவர்களிடம் உட்கார்ந்து பேசியபோது கசப்பான அனுபவங்கள் வெளிவந்தன. ஆனால் குறை சொல்வதற்கு முன் அவர்கள் மனதுக்குள் இரண்டு விசாரணை நடந்திருந்தது. இதைச் செய்வது அவர்கள் கடமையா? கடமைதான் என்றாலும், செய்யாதது அவர்கள் குற்றமா? பாவம், அந்தச் செவிலியருக்கு எத்தனை நோயாளிகள், மேலிடத்தில் ஆள் தரவில்லை, அவர் என்ன செய்வார். இப்படி நினைப்பவர் படிவத்தில் முழு மதிப்பெண் போடுவார். அவருடைய பெருந்தன்மை அமைப்பின் சாதனையாகக் கணக்கில் ஏறிவிடுகிறது.

அச்சமும் உண்டு. தினமும் தன்னைக் குளிப்பாட்டுகிறவரைப் பற்றி, அவரை அனுப்பும் நிறுவனத்துக்குத் தெரியவருமோ என்ற சந்தேகத்தோடு பதில் சொல்கிறவரின் நிலையில் இருந்து யோசிக்க வேண்டும். குறை சொன்னால் நாளை யாரும் வராமல் போகலாம்.

எனினும் எல்லாத் திருப்தியையும் இப்படிப் பிரித்து உதறிவிடுவதும் அநியாயம். கேரி ஆல்பிரெக்ட், பேட்ரிக் டெவ்லீகர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1999-ல் வெளியிட்ட கட்டுரைக்காக 153 மாற்றுத்திறனாளிகளிடம் நேரில் பேசினார்கள். மிதமானது முதல் கடுமையானது வரையிலான குறைபாடு உள்ளவர்களில் 54 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நம்பத் தயங்கும் எண் இது. சக்கர நாற்காலியில் இருப்பவர் மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொன்னால், ஏதோ சமாதானத்துக்குச் சொல்கிறார் என்று நினைப்பது நம் மனக்கோணல். தன் வாழ்க்கையைத் தன் கையில் வைத்திருப்பதாக உணர்ந்தவர்களே நிறைவைச் சொன்னார்கள் என்பது அந்த உரையாடல்களில் தெரிந்தது.

தன் கையில் என்பதன் எடையை ஒரு பெரிய பரிசோதனை அளந்து காட்டியது. 1998 இறுதியில் ஆர்கன்சாவிலும், பிறகு நியூ ஜெர்சி, ஃப்ளோரிடா மாநிலங்களிலும், வீட்டு உதவி பெற்றுவந்த 6,000-க்கும் மேற்பட்டோரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கம்போல ஏஜென்சி உதவியாளரை அனுப்பும். மறு பாதிக்கு அந்த உதவிக்கான பணத்தையே மாத ஒதுக்கீடாகக் கொடுத்து, யாரை வேலைக்கு வைப்பது, எத்தனை மணிக்கு வரச் சொல்வது என்பதை அவர்களிடமே விட்டார்கள். கணக்கு வழக்குக்கு ஆலோசகர் ஒருவர் உதவுவார். பலர் மகளை வைத்துக்கொண்டார்கள், பேத்தியை வைத்துக்கொண்டார்கள், பக்கத்து வீட்டுக்காரரை வைத்துக்கொண்டார்கள்.

பணத்தை வீணாக்குவார்கள், ஏமாற்றப்படுவார்கள், உடல்நிலை கெடும் என்று அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். எதுவும் பெரிதாக நடக்கவில்லை. பராமரிப்பில் மிகவும் திருப்தி என்றவர்களின் பங்கு பணம் பெற்ற பிரிவில் தெளிவாக உயர்ந்தது. நிறைவேறாத தேவைகள் குறைந்தன. உடல்நலம் கெடவில்லை. உதவிக்கான செலவு மட்டும் கூடியது. அதன் காரணம் கவனிக்கத்தக்கது. ஏஜென்சிப் பிரிவில் பலருக்கு, தாளில் ஒதுக்கப்பட்ட மணிநேரங்கள் உண்மையில் கிடைக்கவே இல்லை, அனுப்ப ஆள் இல்லை. பணம் பெற்றவர்கள் தங்களுக்கு உரியதை முழுதாகப் பெற்றதால் செலவு கூடியது. அதற்கு முன் அரசு கண்ட சிக்கனம் வராத உதவியாளர்களால் வந்தது. இந்த விஷயத்தில் இதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது. குலுக்கலில் பிரித்த மக்கள் என்பதால், திருப்தியானவர்கள் மட்டும் தங்கிவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்கும் இங்கே அதிகம் இடமில்லை.

ஒருங்கிணைப்பாளர் பக்கம் இவ்வளவு தெளிவில்லை. 2002-ல் தொடங்கி மெடிகேர் நடத்திய 15 ஒருங்கிணைப்புத் திட்டங்களில் நாட்பட்ட நோயாளிகள் 18,309 பேர் குலுக்கலில் பிரிக்கப்பட்டார்கள். நோயாளிகளுக்கும் மருத்துவர்களுக்கும் அந்தச் சேவை பிடித்திருந்தது. ஆனால் 15-ல் 13 திட்டங்கள் மருத்துவமனை அனுமதிகளில் குறிப்பிடத்தக்க மாற்றத்தை ஏற்படுத்தவில்லை. பின்னால் அந்தப் பதிவுகளை அலசியபோது, அதிக ஆபத்தில் இருந்த நோயாளிகளுக்கு உதவிய சில திட்டங்களிடம் பொதுவாக ஒன்று இருந்தது: ஒருங்கிணைப்பாளர் அடிக்கடி நேரில் போய்ப் பார்த்தார். தொலைபேசியில் மட்டும் விசாரித்த திட்டங்கள் பெரும்பாலும் எதையும் சாதிக்கவில்லை. வாஷிங்டன் மாநிலம் 2013-ல் தொடங்கிய ஏற்பாட்டில் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று தொகை கொடுக்கும் முறை இல்லை. ஒருங்கிணைப்பாளர் வீட்டுக்குப் போவார். எந்தக் குறிக்கோளை முதலில் எடுப்பது என்று பயனாளியே சொல்வார். இணைப்புச் சோதனைகளில் மெடிகேருக்குத் தெளிவாகப் பணம் மிச்சமானது அந்த மாநிலத்தில். பணத்தை ஒன்றாகக் கட்டிக் காப்பீட்டு நிறுவனங்களிடம் கொடுத்த மாநிலங்களில் பெரும்பாலும் அப்படி ஆகவில்லை.

மாசசூசெட்ஸ் வேறு வழியில் போனது. 21 முதல் 64 வயதுவரை உள்ள மாற்றுத்திறனாளிகளுக்காக 2013 அக்டோபரில் ‘ஒன் கேர்’ தொடங்கியபோது, மாற்றுத்திறனாளி இயக்கத்தினர் இரண்டு விஷயங்களில் உறுதியாக நின்று பெற்றார்கள். காப்பீட்டு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இல்லாத ஓர் ஒருங்கிணைப்பாளர், சமூக அமைப்புகளிலிருந்து வருபவர், பயனாளியின் பக்கம் நின்று அவருடைய வீட்டுத் தேவைகளைப் பேச வேண்டும். திட்டத்தைக் கண்காணிக்கும் குழுவில் பயனாளிகளே பெரும்பான்மையாக இருக்க வேண்டும். இதனால் ஒன் கேரில் குறைகள் வராமல் போய்விடவில்லை. ஆனால் மதிப்பெண் அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், நேற்று நடந்ததை மேசைக்குக் கொண்டுவர அங்கே ஆட்கள் இருந்தார்கள்.

2016-ன் கேள்வித்தாள் இந்தப் பாடங்களை ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. திருப்தியா என்று பொதுவாகக் கேட்பதைவிட என்ன நடந்தது என்று கேட்பதற்கே அது முதலிடம் தருகிறது. நடந்ததைச் சொல்லும்போது பெருந்தன்மைக்கு இடம் குறைவு: உதவியாளர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தாமதம் தாமதம்தான். எப்போதும், வழக்கமாக, சில நேரம், ஒருபோதும் இல்லை என்ற நான்கு பதில்களுக்குள் தேர்ந்தெடுக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு, பெரும்பாலும் ஆம், பெரும்பாலும் இல்லை என்ற எளிய வடிவமும் உண்டு. முன்பெல்லாம் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களின் பதில்கள் பல நேரம் இத்தகைய கணக்கெடுப்புகளுக்கு வெளியே நின்றன. விரும்பியபோது வெளியே போக முடிகிறதா, அன்றைய பொழுதை எப்படிக் கழிப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்களா என்றும் அதில் கேட்கிறார்கள்.

கலிஃபோர்னியாவின் சோதனை 2022-இன் முடிவிலும், கடைசிவரை எஞ்சிய மாநிலங்களில் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக நடந்தவை 2025 டிசம்பர் 31-லும் முடிந்து, அவற்றின் உறுப்பினர்கள் இரு திட்டப் பயனாளிகளுக்கான சிறப்பு மெடிகேர் திட்டங்களை நோக்கித் திருப்பப்பட்டார்கள். பழைய கடிதங்களைப் பெற்றவர்களின் வாசலுக்கு மறுபடியும் கடிதங்கள். இதற்கிடையே மத்திய அரசு 2024-ல் வெளியிட்ட விதிகள், மெடிகெய்ட் பயனாளிகளும் அவர்களின் குடும்பத்தாரும் அவர்களைப் பராமரிப்போரும் மட்டுமே இடம்பெறும் ஆலோசனைக் குழு ஒன்றை ஒவ்வொரு மாநிலமும் அமைக்க வேண்டும் என்கின்றன. வீட்டு உதவி பெறுபவர்களின் அனுபவத்தை நேரடியாகக் கேட்டு, அதன் முடிவுகளை 2028 முதல் மாநிலங்கள் அறிக்கையாகத் தரவேண்டும் என்றும் அவை சொல்கின்றன.